ஒரு மூடி தண்ணீர்

கோயம்புத்தூர்
மருத்துவமனை, நான்காம் எண் அறை
5 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை பாத்திமுத்துவுக்கு, அக்கா பக்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். போனில் பேசலாமே என்றான் ரைஹான். பெற்ற பிள்ளை சொல்வதைத் தட்டக் கூடாதுதான். ஆனால் வாய் முழுக்கப் புண். விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்த போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது. பென்சில் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அதோடு, நாம் இரண்டு பேரும் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். எழுதினால் அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

முந்தாநாள் உன் ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களைப் பையில் கொண்டுவந்து எனக்கு ஏற்றினார்கள். தக்காளி ரசத்தின் நிறம். இத்தனை மாதம் பாடுபடுத்திய ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து இந்த ஒரு பைதானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதற்காக ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு நீ இடுப்பு வலியில் கிடந்ததை ரைஹான் சொன்னான். இப்போது பொள்ளாச்சிக்குத் திரும்பாமல் என் வீட்டுச் சமையலறையில் நின்று எனக்குச் சமைத்து அனுப்புகிறாய் என்பதையும் சொன்னான். நன்றி என்று எழுதினால் யாரோ எவரோ போல இருக்கிறது. எழுதாமல் விடவும் முடியவில்லை.

இந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளியில் நான் சலிக்காமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. கழுவுவது வேறு, கொதிக்க வைப்பது வேறு, ஸ்டெரிலைஸ் செய்வது வேறு. கழுவினால் கிருமி குறையும். கொதிக்க வைத்தால் பெரும்பாலும் சாகும். ஸ்டெரிலைஸ் செய்தால் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. "ஒண்ணே ஒண்ணு மிஞ்சிப்போச்சுன்னா, டீச்சர்?" என்று எந்தப் பெண்ணாவது கேட்பாள். "அப்படியானால் அது ஸ்டெரிலைஸ் இல்லை" என்பேன். ஆபரேஷன் கத்திக்கும் அந்தச் சொல்தான், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அந்தச் சொல்தான், தெருநாயைப் பிடித்துக்கொண்டு போய் காதில் வெட்டுக் குறி போட்டு விடுகிறார்களே, அதற்கும் அதுதான். இனி இதில் ஒன்றும் உண்டாகாது என்பதுதான் எல்லா இடத்திலும் அர்த்தம்.

இப்போது அதை என் எலும்புக்குள் செய்திருக்கிறார்கள். நாற்று விடுமுன் மண்ணில் உள்ள பூசணத்தையும் புழுவையும் சாகடிக்கிற மாதிரி. உன் அணுக்கள் முளைத்து வருகிற வரை என் உடம்புக்குக் காவல் கிடையாது. சாதாரணச் சளி போதும் என்னைக் கொண்டுபோக. இதை எழுதும்போதே பென்சில் இரண்டு தடவை நழுவிவிட்டது. மருந்தினால் என்று வைத்துக்கொள்.

பதில் எழுதினால் பென்சிலில் எழுது. உள்ளே வருகிற காகிதம் முதலில் ஆவியில் வேக வேண்டும். நம் குக்கரைப் பெரிதாக்கின மாதிரி ஓர் இயந்திரம். நேற்று ரைஹான் நீல மையில் எழுதி அனுப்பியது, ஆவி பட்டு மேகம் மாதிரி பரவி வந்தது. "மருந்து சாப்பிடு" என்று மட்டும் படிக்க முடிந்தது.

அக்கா
பக்ருன்னிசா


கோட்டைமேடு
6.2.25

டீச்சரம்மாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நோவுல கெடக்கறப்பகூட பாடம் எடுக்கற பாரு, அதுல தெரியுது நீ நல்லாத்தான் இருக்கேன்னு. நான் எட்டாவதுல பெயிலு. உன் கடுதாசிய ரெண்டு தடவ படிச்சுத்தான் புரிஞ்சுது.

ஊடு அப்படியேதான் இருக்கு. மச்சான் போட்டோவ மட்டும் ஹாலுக்கு மாத்தியிருக்கே. உன் மகன் என்னை நிம்மதியா சமைக்க உடமாட்டேங்கறான். கைய சோப்பு போட்டுக் கழுவினா, "சித்தி, இன்னொருக்கா கழுவுங்க"ங்கறான். இட்டிலிக் குண்டானைக் கண்ணுல காட்டக் கூடாதாம். அரிசி, பருப்பு, காய் எல்லாத்தையும் குக்கருல போட்டு விசில் விட்டு, மூடியத் தொறக்காம அப்படியே கொண்டு போகணுமாம். எங்க ஊட்டுக்காரரு போன்ல சிரிக்கறாரு. "உங்க அக்கா கல்யாண ஊட்டுல செஞ்சது பத்தாதுன்னு உன்னையும் டீச்சராக்கிப்போட்டாங்களா"ங்கறாரு.

சிரிப்பு வரலக்கா. ரம்ஷா கல்யாணத்துல என்ன நடந்துதுன்னு எனக்கு மறக்கல. முந்நூறு பேரு பந்தியில உக்காந்திருக்கறப்ப நடுவுல நின்னுக்கிட்டு, "இந்த மோருல ஊத்துன தண்ணி கொதிக்க வைக்காதது, யாரும் குடிக்காதீங்க"ன்னு கையத் தூக்கினே. மாப்பிள்ள ஊட்டாரு டம்ளரக் கவுத்து வெச்சுட்டு எந்திரிச்சாங்க. என் மக புகுந்த ஊட்டுல ஒரு வருஷம் "மோருக்காரி"ன்னு பேரு வாங்கினா. அன்னைக்கு அந்த மோரக் குடிச்ச ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, தெரியுமா உனக்கு?

சரி, அத உடு. நோவுக்காரிகிட்டச் சண்டை போடக் கூடாது.

எனக்கு ஒரே ஒரு பயந்தான். பொள்ளாச்சியில எங்க தேங்காக் களத்துல ஒரு கொப்பரையில பூசணம் புடிச்சிருந்தா, பக்கத்துல இருக்கற அத்தனையும் போயிரும். என் ரத்தத்துல அப்படி எதாச்சும் இருந்து, அது உன்னையும் கெடுத்துருமோன்னு படுத்தா தூக்கம் வரல. டாக்டருங்க எல்லாம் பாத்துட்டுத்தான் எடுத்தாங்கன்னு சொல்றாங்க. அவிங்க கொப்பரையப் பாத்திருப்பாங்களா?

தண்ணி நெறயக் குடி.

பாத்தி


நான்காம் எண் அறை
9 பிப்ரவரி

பாத்தி,

உன் கடிதம் வெந்து, விளிம்பு பழுத்து, மொறுமொறுவென்று வந்து சேர்ந்தது. அது வந்த உறையின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. ஆவி சரியாகப் பட்டால் நிறம் மாறும். நர்ஸ் ஹர்ஷிணி அதைப் பார்த்த பிறகுதான் என் கையில் கொடுக்கிறாள். காங்கேயத்துப் பெண். என்னை "டீச்சருங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

உன் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அதை நீ நம்பவேண்டும். பூசணம் பிடிப்பதானால் என் பக்கத்திலிருந்துதான் பிடிக்கும். மனிதக் குடலுக்குள் எத்தனை கோடிக் கிருமிகள் சும்மா குடியிருக்கின்றன தெரியுமா? காவல் இருக்கும்வரை அவை நல்ல வாடகைக்காரர்கள். காவல் போனதும் வீட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். நான் அஞ்சுவது வெளியே இருப்பதற்கு அல்ல. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், அந்த ஊசிமுனை வழியாக எது உள்ளே போயிருக்கும் என்று நாளெல்லாம் யோசிக்கிறேன். பாடத்தைத் தெரிந்து வைத்திருப்பதன் தண்டனை இது. தெரியாதவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வெள்ளை அணு எண்ணிக்கை இன்றும் பூஜ்யம். காலையில் ஹர்ஷிணி அந்தச் சீட்டைப் படிக்கிறபோது அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறேன்.

பக்கத்து அறையில் ஒரு வாலிபன் இருந்தான். அந்தியூர்க்காரன் என்று சொன்னார்கள். அவனுடைய அம்மா தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டுவாள். நேற்று மதியத்திலிருந்து அந்த அம்மாவைக் காணோம். இன்று அறையைக் கழுவுகிறார்கள், மருந்து வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று ஹர்ஷிணியிடம் கேட்டேன். "நீங்க தூங்குங்க, டீச்சருங்க" என்றாள். வீட்டுக்குப் போயிருந்தால் போனான் என்று சொல்லியிருப்பாள் அல்லவா?

மோரைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சி ஆகாது. பிரேக் இல்லாத பஸ் ஒரு தடவை ஊர் போய்ச் சேர்ந்ததென்றால் பிரேக் தேவையில்லை என்று அர்த்தமா? ஆனால் அதை நான் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். இது சமாதானம் அல்ல, எடுத்துக்காட்டின் மிச்சம்.

என் பக்கத்துக் குறையையும் கேட்டுக்கொள். நீ ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் எல்லாரிடமும் நேரில் போய் மாப்பு கேட்டாய். எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில். ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே செய்தி. கீழே ரோஜாப்பூ வேறு.

சோறு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் இறங்குகிறது. பிளாஸ்க்கை இன்னும் கொஞ்சம் நிறைத்து அனுப்பு.

அக்கா


கோட்டைமேடு
10.2.25

அக்கா,

அந்தப் பையனப் பத்தி எழுதியிருந்தத படிச்சதுல இருந்து குக்கர் விசிலடிச்சாக்கூடத் திடுக்குனு இருக்குது. ரைஹான்கிட்டக் கேட்டேன். அவனும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நீ அந்தச் சுவத்துப் பக்கம் பாக்காதே. ஓதிக்கிட்டே இரு. ஷஃபான் மாசம், கேட்டது கெடைக்கும்.

ரோஜாப்பூ நான் போடல. ரம்ஷா போட்டா. உன் பேரு பட்டியல்ல இருந்துது, அவ எல்லாருக்கும் ஒரே அமுக்கா அமுக்கிப்போட்டா. நேருல வரணும்னுதான் பஸ் ஏறினேன். உக்கடத்துல எறங்கினேன். உங்க தெருமுக்கு வரைக்கும் நடந்து வந்தேன். உன் ஊட்டுக் கதவு தொறந்துதான் இருந்துது, நீ உள்ள யாருக்கோ டியூசன் எடுத்துட்டிருந்தே, உன் சத்தம் தெரு வரைக்கும் கேட்டுது. அந்தப் புள்ளைங்க முன்னாடி எனக்கும் பாடம் எடுத்துருவியோன்னு திரும்பிப் போயிட்டேன்.

மக்காவுல உனக்காகவும் கேட்டேன். எல்லாரு பேரையும் சொன்னேன். உன் பேரு சொல்றப்ப மட்டும் அழுகை வந்துருச்சு, பக்கத்துல இருந்த பொம்பள என்னமோ புருசன் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டுத் தண்ணி குடுத்தா.

உனக்குன்னு அங்கிருந்து ஒரு பாட்டில் ஜம்ஜம் கெணத்துத் தண்ணி தனியா எடுத்து வெச்சிருந்தேன். வருசம் ஒண்ணாச்சு. ஆருக்கும் தொட உடல. இப்ப அதக் கொண்டாந்து உன் சமையக்கட்டுலதான் வெச்சிருக்கேன். ரைஹான் பாத்துட்டு, "சித்தி, அத அம்மாவுக்குக் குடுக்கணும்னா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கணும், டாக்டரக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்"னு கண்டிசனாச் சொல்லிட்டான். அந்தத் தண்ணிய அடுப்புல வெக்கறதுக்கு எனக்குக் கை வரலக்கா. எத்தன ஆயிரம் வருசமா நோவுக்காரங்க குடிக்கற தண்ணி. அதுக்கு நான் சுத்தம் பண்றதா?

தண்ணி கேட்டிருந்தே. நெறச்சு அனுப்பியிருக்கேன். நல்லாக் குடி. ஒண்ணும் ஆகாது.

பாத்தி


நான்காம் எண் அறை
12 பிப்ரவரி

பாத்தி,

காய்ச்சல் வந்துவிட்டது. விடியற்காலை குளிர ஆரம்பித்தது. மூன்று போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. கட்டில் சத்தம் போடுகிறது, நான் அசைவதனால்தான் என்று புரிய நேரமாயிற்று.

ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க. வளர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். அதுவரை கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து போடுகிறார்கள்.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர். என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

பயமாக இருக்கிறது. எடுத்துக்காட்டு எதுவும் தோன்றவில்லை. ரைஹானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

அக்கா


கோட்டைமேடு
13.2.25

அக்கா,

இத நீ படிக்கற நெலமையில இருக்கியான்னுகூடத் தெரியல. இருந்தாலும் எழுதறேன்.

நேத்து உன் கடுதாசி கைக்கு வந்ததும் அடுப்ப அணைச்சுட்டு ஆட்டோ புடிச்சு ஆசுபத்திரிக்கு வந்தேன். உன்னப் பாக்க உடமாட்டாங்கன்னு தெரியும். ஹர்ஷிணி அம்மணியக் கூப்புடச் சொல்லி, ரைஹான் பக்கத்துல நிக்கறப்பவே சொல்லிப்போட்டேன். நீ ரத்தம் ஏத்திக்கிட்ட மறுநாள்ல இருந்து தெனமும் உன் பிளாஸ்க்குல, காச்சி ஆற வெச்ச தண்ணியில, ஒரு மூடி ஜம்ஜம் ஊத்திக்கிட்டு வாரேன்னு. கொதிக்க வைக்காமன்னு.

அந்தப் புள்ள என்னத் திட்டல. "எந்தப் பாட்டிலுங்கம்மா? எப்ப தொறந்தது? வேற எதையாச்சும் கலந்தீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடுச்சு. உன் ரூமுல இருந்த பிளாஸ்க்க எடுத்து லேபுக்கு அனுப்பிட்டாங்க. டாக்டரு வெளிய வந்து, தண்ணியில இருந்து வர்ற கிருமிக்கு வேற மருந்துன்னு சொல்லி ஒண்ணக் கூட்டிப் போட்டாரு. "சொன்னது நல்லதாப் போச்சு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அவரு காலுல உழுந்திருப்பேன். ரைஹான் புடிச்சு நிறுத்திப்போட்டான்.

அப்பறம் அவன் வண்டியிலதான் ஊடு வந்தேன். வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, "எங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம உள்ள போயிட்டான். திட்டியிருந்தான்னா தேவல.

இனி ஊட்டுச் சாப்பாடு வேண்டாம்னுட்டாங்க. எல்லாம் ஆசுபத்திரியிலயே. குக்கரு கழுவிக் கவுத்தியிருக்கு. நான் சமையக்கட்டுல என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறேன்.

கல்யாணத்துல நீ கையத் தூக்கினப்ப உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நான் உன்னக் கொல்லணும்னு செய்யலக்கா. எண்ணிக்க பூஜ்யம், பூஜ்யம்னு ரைஹான் தெனம் வந்து சொன்னான். என் ரத்தம் உனக்கு ஒத்துக்கலையோன்னு, அதுக்குத் தொணையா இருக்கட்டும்னுதான் ஊத்துனேன்.

அல்லாஹ் உன்ன எனக்குத் தரணும். வேற ஒண்ணும் கேக்கல.

பாத்தி


நான்காம் எண் அறை
16 பிப்ரவரி

பாத்தி,

மூன்று நாள் எங்கே இருந்தேன் என்று தெரியாது. இன்று காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. விட்டுவிட்டு வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னி.

உன் கடிதத்தை ஹர்ஷிணி எனக்குப் படித்துக் காட்டினாள். படிக்கும்போதே மூக்கை உறிஞ்சினாள். அழுதால் முகக்கவசத்தை மாற்ற வேண்டும் என்று நானே சொல்லி நிறுத்தினேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எனக்குத் தெரியும்.

முதல் நாளே தெரியும். நாக்கில் ருசி செத்துப்போயிருந்தது. சர்க்கரையும் உப்பும் ஒன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஒரு கனம் தெரிந்தது, புண்ணில் லேசாகச் சுள்ளென்றது. அத்தா ஹஜ்ஜிலிருந்து வந்தபோது நமக்கு ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்தாரே, நீ உன்னுடையதைக் குடித்துவிட்டு என்னுடையதையும் கேட்டாயே, அதே கனம். பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு மணியடிக்கும் பொத்தானைக் கையில் எடுத்தேன்.

அழுத்தவில்லை. சொன்னால் வீட்டிலிருந்து வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்குப் பிறகு உன் கையால் வருவது நின்றுபோகும். இந்த அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் கிடக்க வேண்டும். அதற்குப் பயந்தேன். கிருமியைவிட அதற்கு அதிகமாகப் பயந்தேன். அதனால் குடித்தேன். தினமும் குடித்தேன். இன்னும் அனுப்பு என்று கேட்டும் வாங்கினேன்.

ஆகவே உன் தலையில் மட்டும் இதைத் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. ரைஹானுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். டாக்டருக்கும்.

அக்கா


பொள்ளாச்சி
17.2.25

பக்ருன்னிசா டீச்சர் அவர்களுக்கு,

தெரிஞ்சே குடிச்சியா?

நான் மூணு நாளா சோறு தண்ணி எறங்காம, கொலைகாரின்னு என்னையே கண்ணாடியில பாத்துக்கிட்டுக் கெடந்தேன். தொழுகையில உக்காந்தா எந்திரிக்க முடியல. உன் மகன் மூஞ்சியில முழிக்க முடியாம பஸ் ஏறி இங்க வந்துட்டேன். நீ என்னடான்னா, "எனக்குத் தெரியும்"னு எழுதறே!

நான் படிக்காதவ. எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சேன். உனக்கு அத்தனையும் தெரியும். ஒண்ணு மிஞ்சினாக்கூட ஆகாதுன்னு நீதானே எழுதினே? ஊரு ஒலகத்துக்கெல்லாம் "குடிக்காதே"ன்னு கையத் தூக்கினவ, உனக்குன்னு வர்றப்ப மட்டும் எதுக்குடி கையக் கீழ போட்டே? அக்கான்னு பாக்காம 'டி'ன்னு எழுதிப்போட்டேன். அழிக்க மாட்டேன்.

உன் மேல கோவம் இல்ல, பயம். நீ இப்படிச் செய்வேன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. நீ எதுக்கும் அசையாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் உன்னோட சண்டையே போட்டேன். அசையாத ஆளுகிட்டத்தான் தைரியமாச் சண்டை போட முடியும்.

ரைஹான் நேத்து போன் பண்ணினான். "சித்தி, சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டான். எண்ணிக்க என்னாச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரல. அவனும் சொல்லல. சொல்லலைன்னா பூஜ்யந்தானே?

கொப்பரைக் களத்துல வேல நடக்குது. எதுலயும் மனசு ஒட்டல. இங்க யாரு போன் அடிச்சாலும் களத்துக்கு வெளிய ஓடிப்போயிடறேன். நீ சொல்லு. என்ன ஆச்சுன்னு நீயே உன் கையால எழுது. வேற யாரு வாயில இருந்தும் எனக்கு வரக் கூடாது.

பாத்தி


நான்காம் எண் அறை
20 பிப்ரவரி

அடி பாத்தி,

உன் "டி" ஆவியில் வெந்தும் சூடு குறையவில்லை. ஹர்ஷிணி அந்த வரியைப் படித்துவிட்டு, "உங்க தங்கச்சியுங்களா இது, இல்ல உங்க டீச்சருங்களா?" என்றாள்.

என் கையால் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி.

லேப் முடிவு வந்தது. பிளாஸ்க் தண்ணீரில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்திருக்கிறது. அது பாட்டில் மூடியில் இருந்ததா, அதை நிரப்பிய கைகளில் இருந்ததா, பிளாஸ்க்கின் ரப்பர் வளையத்தில் இருந்ததா, யாராலும் சொல்ல முடியாது. என் ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. அப்படியென்றால் தண்ணீரால் காய்ச்சல் வரவில்லை என்று அர்த்தமா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது, மருந்து முந்திக்கொண்டிருக்கலாம் என்றார். வலையில் மீன் விழவில்லை என்றால் குளத்தில் மீன் இல்லை என்று ஆகாது, அவ்வளவுதான். ஆகவே நீயா, நானா, என் குடலில் குடியிருந்ததா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலேயே நாம் இருக்கப் பழக வேண்டும்.

நேற்றுக் காலை எண்ணிக்கை பூஜ்யம் இல்லை. மிகச் சிறிய எண். டாக்டர் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. இன்று அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாளை குறையலாம் என்றும் சொன்னார். உன் அணுக்கள் உள்ளே போய் இடம் பிடித்து, என் உடம்போடு ஒத்துப்போக வேண்டும். உன்னுடையவை என்பதால் எடுத்தவுடன் ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பயம் போகவில்லை. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் மணியடித்து ஹர்ஷிணியைக் கூப்பிடுகிறேன். பக்கத்து அறைக்கு வேறொரு பெண்மணி வந்திருக்கிறாள். அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். முதல் நாள் நான் இருந்த மாதிரியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

நாளை மறுநாளிலிருந்து ஒருவர் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரைஹானிடம், சித்தி வரட்டும் என்றேன். அவன் சரி என்றான். உடனே சொன்னான், யோசிக்கவில்லை.

நீ வா. என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு வராதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

அக்கா


கோட்டைமேடு
22.2.25

அக்கா,

வந்துட்டு வந்து எழுதறேன். நீ பாத்துட்டுத்தான் இருந்தே, ஆனா பாதிதான் பாத்தே. மீதிய நான் சொல்றேன்.

அந்த நடையில நாலு கண்ணாடி வரிசையா இருந்துது. மூணாவது கண்ணாடிக்குப் பின்னால மொட்டத் தலையா, முகமூடி போட்டுக்கிட்டு, ஒல்லியா ஒரு பொம்பள சேருல உக்காந்திருந்தாங்க. எங்க அக்கா இத்தனையா கொறஞ்சு போயிட்டான்னு கண்ணாடியில கைய வெச்சு அழுதேன். அவிங்களும் எந்திரிச்சு வந்து என் கைக்கு நேரா கைய வெச்சாங்க. நான் ஓத ஆரம்பிச்சுட்டேன். நெத்தி வேர்வையெல்லாம் கண்ணாடியில ஒட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஹர்ஷிணி அம்மணி வந்து, "ஏனுங்கம்மா, உங்க அக்கா அடுத்த ரூமுங்க"ன்னுச்சு.

நீ எட்டிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சே. கூடப் பொறந்தவ மூஞ்சி தெரியாம அடுத்த ஊட்டுக்காரிக்கு ஓதினேன்னு சிரிச்சே. ஓதினது ஓதினதுதான், அவிங்களுக்கும் ஆகட்டும்னு உட்டுட்டேன். ஆனா நீ சிரிக்கறப்ப முகமூடி ஒரு பக்கம் எறங்கி, ஒதட்டுல ரத்தம் காஞ்சிருந்தது தெரிஞ்சுது. எனக்குச் சிரிப்பு வரல.

கண்ணாடி தடிமனு. உள்ள ஒண்ணும் கேக்காதுன்னு அந்தப் புள்ள சொன்னா. அதனால எல்லாத்தையும் சொன்னேன். கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சு, உக்கடத்துல பஸ் எறங்கினது வரைக்கும், அதுக்கு முன்னாடி சின்ன வயசுல இருந்து வெச்சிருந்தது வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். என்ன சொன்னேன்னு கேக்காதே, எழுத மாட்டேன். நீ கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு, வகுப்புல புள்ளைங்க ஒப்பிக்கறதக் கேக்கற மாதிரி தலையத் தலைய ஆட்டினே. அப்பறம் பாத்தா, நான் பாதியில இருக்கறப்பவே தூங்கிப்போயிட்டே!

நல்லாத் திட்டலாம்னு வாயத் தொறந்தேன். தொறந்தவ அப்படியே நின்னுட்டேன். உன் தல ஒரு பக்கமா சாஞ்சுது, வாய் கொஞ்சமாத் தொறந்துது. ஒரு நிமிசம் எனக்கு அந்த அந்தியூருப் பையன் ஞாபகம் வந்துருச்சு. ஹர்ஷிணியக் கூப்புடலாமான்னு நெனச்சேன். திரும்பவும் பயமா இருந்துது, கண்ண எடுத்தா என்ன ஆகுமோன்னு.

உன் நெஞ்சு மேல இருந்த போர்வையவே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஏறுச்சு. எறங்குச்சு.

நேரம் ஆயிருச்சுங்கம்மான்னு வாட்ச்மேன் வந்து சொன்னாரு. இருங்க, இன்னொருக்கான்னேன்.

ஏறுச்சு.

பாத்தி